வயலுக்குக் கணக்குண்டு, உழவன் உடலுக்குக் கணக்குண்டா?

(மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், கமக்காரரும் ஆசிரியரும் வைத்தியரும் அரச உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை.)

 

நீரிழிவு நோயைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நம் ஊர்களில் இதனைச் ‘சீனி வருத்தம்’ என்கிறோம். இந்நோயைப் பற்றிய பேச்சு என்றதும், சோற்றைக் குறையுங்கள், சீனியை விடுங்கள், நடவுங்கள் என்னும் அறிவுரைகளையே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றையும் இறுதியிற் சொல்வேன். ஆயினும் அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வியொன்று உண்டு. இந்த வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களுள் எத்தனை பேரை இந்நோய் பற்றியிருக்கிறது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

கமக்காரப் பெருமக்களே, ஒவ்வொரு போகமும் தொடங்குமுன் கூட்டம் கூடுகிறது. உன்னிச்சைக் குளத்தில் நீர் எவ்வளவு, நவகிரிக் குளத்தில் எவ்வளவு, அந்நீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த நாளில் வாய்க்கால் திறப்பது, எந்த நாளுக்குள் விதைப்பை முடிப்பது என்றெல்லாம் அங்கே கணக்குப் பார்த்து முடிவு செய்கிறோம். வட்டையில் எவர் எத்தனை ஏக்கர் செய்கிறார் என்பது வட்டவிதானைக்குத் தெரியும். பசளைக்கும் மானியத்துக்கும் அந்தக் கணக்கே ஆதாரம். ஒரு ஏக்கர் நிலங்கூட ஏட்டிலிருந்து தவறிப்போக நாம் விடுவதில்லை. அந்த நிலத்தை உழுகின்றவனுடைய இரத்தத்தில் எவ்வளவு சீனி இருக்கிறது என்பது எந்த ஏட்டில் இருக்கிறது?

இனி நாட்டின் கணக்கைப் பார்ப்போம். 1990ஆம் ஆண்டையொட்டி இலங்கையின் கிராமப்புறமொன்றில் நடந்த ஆய்வில், நூறு பேருள் இரண்டு அல்லது மூன்று பேருக்கே நீரிழிவு காணப்பட்டது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் பெரியதோர் ஆய்வு நடந்தது. இருபது வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு உண்டென்று அது கூறிற்று. நகரத்தாருள் 16.4, நாட்டுப்புறத்தாருள் 8.7 என்பது அதன் முடிவு. நோயுடையோராகக் காணப்பட்டவர்களுள் நூற்றுக்கு 36 பேர் தமக்கு அந்நோய் இருப்பதை அன்றுவரை அறியாதிருந்தனர். பின்னர் 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடந்த மற்றோர் ஆய்வு, வளர்ந்தோருள் நூற்றுக்கு 23 பேர் நீரிழிவுடையோர் என்று காட்டிற்று. ஆய்வுக்கு ஆய்வு சோதனை முறையும் வயது வரம்பும் வேறுபடுதலால், இவ்வெண்களை ஒன்றோடொன்று அப்படியே ஒப்பிட்டுவிடல் ஆகாது. எனினும் ஒரு தலைமுறைக் காலத்துள் நோய் எத்துணை விரைந்து பரவியிருக்கிறது என்பதை உணர இவை போதும்.

இப்பொழுது நான் சொல்லப்போவதைச் சற்றுக் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகிறேன். 2005, 2006ஆம் ஆண்டுகளின் அந்த ஆய்வு, நாட்டின் ஒன்பது மாகாணங்களுள் ஏழில் மட்டுமே நடைபெற்றது. விடுபட்டவை வடக்கும் கிழக்கும். ஆய்வு செய்தோரை நான் குறை கூறேன். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் நம் கரையைச் சூறையாடியிருந்தது. 2006இல் போர் மீண்டும் மூண்டது. வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு எழுவான்கரை முகாம்களுக்கு ஓடிவந்த காலம் அது. அந்நாளில் எவர் வந்து எவருடைய இரத்தத்தைச் சோதித்திருக்க முடியும்? ஆனால் விளைந்தது என்ன? ‘இலங்கையின் கணக்கு’ என்று பல ஆண்டுகளாக நூல்களிலும் திட்டங்களிலும் எடுத்தாளப்பட்ட எண்ணில் நம்முடைய ஒரு துளி இரத்தமும் இல்லை.

இது தனித்த நிகழ்ச்சியும் அன்று. 2001ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு 18 மாவட்டங்களிலேயே முழுமையாக நடந்தது. மட்டக்களப்பு மாவட்டம் அவற்றுள் இல்லை. 1981க்குப் பின் நம் மாவட்டத்து மக்கள் முழுமையாக எண்ணப்பெற்றது 2012ஆம் ஆண்டிலேயாம். அப்பொழுது 5,25,000க்கு மேற்பட்டோர் இங்கு வாழ்ந்தமை தெரிந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் தலைகளே எண்ணப்படாத நாட்டில் நோய்களை எவர் எண்ணுவர்?

பின்னர் நடந்த ஆய்வுகள் நாடு முழுவதையும் கருதியே செய்யப்பட்டன, அது நன்று. ஆயினும் நாட்டுக்கென ஓர் எண்ணைத் தருவதற்காக எடுக்கப்படும் மாதிரி, ஒரு பிரதேசத்தின் நிலையைக் காட்டாது. பட்டிப்பளையில் எத்தனை பேர், காத்தான்குடியில் எத்தனை பேர், களுவாஞ்சிகுடியில் எத்தனை பேர் என்று அது சொல்லாது. ‘அதனால் என்ன? நாட்டுக்கு 23 என்றால் நமக்கும் 23தானே’ என்று சிலர் கேட்கலாம். அப்படியன்று. அயல்நாடாகிய இந்தியாவைப் பாருங்கள். 2008 முதல் 2020 வரை மாநிலம் மாநிலமாகச் சென்று ஒரு இலட்சத்துப் பதின்மூவாயிரத்துக்கும் அதிகமானோரைச் சோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 11.4 என்று வந்தது. ஆனால் கோவாவில் 26.4, உத்தரப் பிரதேசத்தில் 4.8, தமிழ்நாட்டில் 14.4. ஒரே நாட்டுக்குள் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! 11.4 என்னும் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கோவாவுக்கு மருந்து அனுப்பினால், நோயாளரிற் பாதிப்பேருக்குக்கூட மருந்து போதாது. நாட்டுக்கென ஒரே எண் போதாதென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

‘வயலிற் பாடுபடுகிறவனுக்குச் சீனி வருத்தம் வராது’ என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அந்நாளில் அதில் உண்மை இருந்தது. எருமைகளை விட்டு வயலை மிதிப்பித்தோம், கையால் அறுத்தோம், தலையிற் சுமந்தோம், இரவிரவாகச் சூடடித்தோம். இன்று உழவு இயந்திரம் உழுகிறது. அறுவடை இயந்திரம் அறுத்து அடித்துத் தூற்றியும் தருகிறது. உழைப்புக் குறைந்ததில் தவறில்லை; மனிதன் மாடாக உழைக்கவேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஆனால் உழைப்பு பாதியாகக் குறைந்தபின்னும் சோற்றின் அளவு குறையவில்லை. உரலில் குற்றிய தவிட்டரிசி போய், ஆலையில் தீட்டிய வெள்ளையரிசி வந்தது. காலையில் பாண், மாலையில் கோதுமை மா ரொட்டி, இடையிடையே சீனி மிகுந்த தேநீர் என்று உணவு மாறியது. இவற்றோடு நம் பிறப்புக் கூறும் சேர்ந்துகொள்கிறது. ஐரோப்பியரைவிடத் தென்னாசிய மக்களுக்கு இந்நோய் இளவயதிலேயே வருகிறது. உடல் பருக்காதவரையும் பற்றுகிறது. ஆணுக்கு இடுப்புச் சுற்று 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினாலே எச்சரிக்கை வேண்டும்.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் போதாமற்போதலும், சுரந்த இன்சுலினை உடல் ஏற்க மறுத்தலுமே பெரும்பாலோர்க்கு வரும் நீரிழிவின் காரணம். தொடக்க ஆண்டுகளில் வலியில்லை, காய்ச்சலில்லை. உள்ளே கண்ணின் நுண்குழாய்களும் சிறுநீரகமும் நரம்புகளும் சிறிது சிறிதாகப் பழுதாகின்றன. நரம்பு மரத்த காலில் வயலின் சிப்பி வெட்டினாலும் முள் தைத்தாலும் தெரிவதில்லை. வெறுங்காலோடு சேற்றில் இறங்கும் கமக்காரனுக்கு அந்தச் சிறு புண்ணே காலை இழக்கும் காரணமாகலாம். ‘புண் ஆறவில்லை’ என்று வைத்தியசாலைக்குச் சென்றபின்னரே தமக்கு நீரிழிவு இருப்பதை அறிவோர் உண்டு. 2024ஆம் ஆண்டில் உலகத்தில் 58 கோடியே 90 இலட்சம் வளர்ந்தோர்க்கு நீரிழிவு இருந்ததென்றும், அவர்களுள் நூற்றுக்கு 43 பேர் அதை அறியாதவர் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். அறியாமையே இந்நோய்க்கு ஊற்று நீர்.

ஆகவே ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். வளர்ந்தோர் ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நாட்டின் அளவே அங்கும் பொருந்துமாயின், நீரிழிவுடையோர் 230 பேர். அவர்களுள் மூவரில் ஒருவர் அறியாதவர் என்று கொண்டால், ஏறத்தாழ 77 பேர் இன்று எந்த மருந்துமின்றி வயலுக்கும் வாவிக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வருகிறார்கள். எண்பது பேரை ஒரே நாளில் வெள்ளம் கொண்டுபோனால் நாடே திரண்டுவரும். பத்து ஆண்டுகளில் ஒவ்வொருவராக நோய் கொண்டுபோனால் எவரும் வருவதில்லை.

அப்படியானால் நாம் கேட்கவேண்டியவை யாவை?

முதலாவது, வாவிப் பிரதேசத்துக்கெனத் தனிக் கணக்கு வேண்டும். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும், தமிழர் ஊருக்கும் முஸ்லிம்களின் ஊருக்கும், பிரதேச செயலகப் பிரிவு தோறும் மாதிரி எடுத்துச் சோதிக்கவேண்டும். முடிவைத் தமிழில் வெளியிடவேண்டும். போதனா வைத்தியசாலை நம்மிடம் இருக்கிறது. வைத்தியம் கற்பிக்கும் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆற்றல் உண்டு, ஆணையும் பணமுமே வேண்டும்.

இரண்டாவது, சோதனை மக்களைத் தேடி வரவேண்டும். 2011 முதல் அரசு நாடெங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை நிறுவியது நல்ல செயல். ஆனால் அங்கு வருவோருள் பெண்களே மிகுதி. ஆண்கள் வருவது அரிது. கூலிக்குச் செல்பவனுக்கு ஒரு காலைப்பொழுது இழப்பது ஒருநாட் கூலியை இழப்பதாகும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, அத்துறையில் வாவியைக் கடக்கப் படகையே நம்பியிருந்தவர்கள் படுவான்கரை மக்கள்; பாலம் வந்தபின்னும் உட்கிராமங்களுக்குப் பேருந்து அடிக்கடி ஓடுவதில்லை. போகக் கூட்டத்துக்குக் கமக்காரர் யாவரும் திரளுகின்ற அதே இடத்தில், அதே காலையில், விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் என்ன?

மூன்றாவது, பதில் சொல்லுவோர் வேண்டும். கிராமத்து வைத்தியசாலைகள் மாகாணத்தின் பொறுப்பிலுள்ளவை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மருந்தில்லை, சோதனையில்லை என்று முறையிட, மக்கள் தெரிந்தெடுத்த பிரதிநிதி ஒருவரும் மாகாணத்தில் இல்லாத நிலை அது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது அந்தக் குறையின் பாரத்தை ஏழை நோயாளரே சுமந்தனர். மாகாண ஆட்சியுரிமை என்பது மேடையில் முழங்குவதற்கு மட்டும் உரிய சொல்லன்று. ஒரு கிராமத்து மருந்தகத்தில் மாத்திரை இருக்கிறதா இல்லையா என்பதிலும் அது அடங்கியிருக்கிறது.

உரிமையைக் கேட்கும் நமக்குக் கடமையும் உண்டு. முப்பத்தைந்து வயது கடந்த ஒவ்வொருவரும் இரத்தத்தைச் சோதியுங்கள். எட்டு மணி நேரம் உண்ணாதிருந்தபின் எடுத்த இரத்தத்தில் சீனியின் அளவு 126 அல்லது அதற்கு மேலாயின் வைத்தியர் அதனை மறுபடியும் சோதித்து உறுதி செய்வார். சோற்றுக் கோப்பையில் பாதியைக் கீரைக்கும் மரக்கறிக்கும் விடுங்கள். வாவி தரும் மீன் நல்லுணவு. தவிட்டரிசி நல்லதே, ஆனால் தவிட்டரிசியென்று இரு மடங்கு உண்டால் பயனில்லை. பனங்கட்டியும் பாணியும் சீனியின் உறவினரே என்பதை மறவாதீர்கள். போத்தல் பானங்களில் 2016 முதல் சீனியின் அளவை நிறத்தாற் காட்டுகிறார்கள். சிவப்பு நிறத்தைக் கண்டால் பிள்ளையின் கைக்குக் கொடாதீர்கள். கைமருந்தை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒவ்வோர் இரவும் கால்களைக் கழுவித் துடைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.

பெரியோர்களே! வாய்க்கால் நீரில் நம் பங்கு குறைந்தால் கச்சேரி வாசல்வரை சென்று கேட்கத் தெரிந்தவர்கள் நாம். நம் உடல்நலத்தின் கணக்கையும் அதே உறுதியோடு கேட்போம். அடுத்த போகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இரத்தச் சோதனையையும் ஒரு விடயமாகச் சேர்க்குமாறு, இங்குள்ள கமக்கார அமைப்புகளின் தலைவர்களும் சுகாதார உத்தியோகத்தர்களும் இன்றே எழுத்தில் விண்ணப்பம் செய்யவேண்டுமென்று கேட்டு, என் உரையை முடிக்கிறேன்.