குறட்டைக்குப் பல் கருவி போதுமா?



குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்போம். அந்தக் குறட்டை சட்டென நின்று, பிறகு திணறலோடு தொடங்கினால், நடுவில் மூச்சு நின்றிருக்கலாம். தூங்குபவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம் ஏறும். கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் ஓட்டும்போதே கண் சொருகும்.

பல் கருவி இரவில் கீழ்த்தாடையைச் சற்று முன்னே தள்ளிப் பிடிக்கும். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்காது. லேசான, நடுத்தரப் பாதிப்புக்கு இது உதவும். மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைப்படுவோருக்கு, சீபாப் எனும் காற்று இயந்திரமே முதல் சிகிச்சை.

கருவி பிடித்து நிற்கச் சொந்தப் பற்கள் வேண்டும். முழுப் பல்செட் போட்டவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இணையத்தில் வாங்கும் கருவி சத்தத்தை மட்டும் குறைக்கலாம். குறட்டை போய்விட்டது என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். மூச்சோ நின்று நின்று வரும். எனவே அரசாங்க கிளினிக்கில் சொல்லி, முதலில் தூக்கப் பரிசோதனைக்குக் கடிதம் கேளுங்கள். கருவியை அணிந்தபடி மறுபரிசோதனையும் தேவை.

தொடக்கத்தில் எச்சில் ஊறும், தாடை வலிக்கும். வலி நீடித்தால் பல் மருத்துவரிடம் திரும்பச் செல்லுங்கள். சுடுநீரில் மட்டும் கழுவாதீர்கள், கருவி வளைந்துவிடும்.