பத்து சென்ட் தோட்டா

(பட்டிமன்றத் தலைப்பு: கற்பனைக் கதைகள் நம்மை வாழ்க்கையிலிருந்து தப்பிக்க வைக்கின்றனவா? வாழ்க்கையைச் சந்திக்க வைக்கின்றனவா? ‘சந்திக்க வைக்கின்றன’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.)



எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி ஒண்ணு கேட்டாரு. “வீட்டுல சிலிண்டர் தீர்ந்துபோச்சு. இவங்க செவ்வாய் கிரகத்துல உருளைக்கிழங்கு விளையுமான்னு படிச்சுக்கிட்டு இருக்காங்க. இது தப்பிச்சு ஓடுறது இல்லாம வேற என்ன?” நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா அந்த உருளைக்கிழங்குக் கதையை எங்க வீட்டுல படிச்சது நான்தான். (சிரிப்பு)

எங்கே வைத்துப் படித்தேன் என்பதை மட்டும் தம்பி கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு. 2019-ம் வருஷம். உள்ளே என் அப்பா படுத்திருக்கிறார். பக்கவாதம். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது, “சரி”. பசிக்குதாப்பா? சரி. வலிக்குதாப்பா? சரி. நான் யாரு தெரியுதா? சரி.

அப்போது பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகன் கொண்டுவந்து கொடுத்த புத்தகம்தான் அது. ஆண்டி வியர் எழுதிய ‘தி மார்ஷியன்’. கம்ப்யூட்டர் வேலை பார்த்த மனுஷன், 2011-ல் முடியும்வரை அத்தியாயம் அத்தியாயமாகத் தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்த கதை. அப்புறம்தான் புத்தகம், அப்புறம் 2015-ல் சினிமா. செவ்வாயில் தனியாக விடப்பட்ட ஒருவன். கையில் இருக்கும் சாப்பாடு போதாது. என்ன செய்கிறான்? அழுவதற்கு முன்னால் கணக்குப் போடுகிறான். எத்தனை கலோரி, எத்தனை நாள், எத்தனை சதுர மீட்டர் மண். தன்னுடைய கழிவையே உரமாக்கிக் கிழங்கு நடுகிறான். ராக்கெட் எரிபொருளிலிருந்து தண்ணீர் எடுக்கப் போய் வெடித்துத் தூக்கி எறியப்படுகிறான். எழுந்து மறுபடி கணக்கு.

நான் அந்த வராந்தாவில் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பினேன். பேங்கில் இருக்கும் பணம் இவ்வளவு. என் லீவு இத்தனை நாள். பிசியோதெரபிக்கு மாசம் இவ்வளவு. இரவில் பார்த்துக்கொள்ள யார், பகலில் யார். நாலு நாளாக அழுதுகொண்டே இருந்தவள், அன்றைக்குத்தான் முதல் முதலாக எழுதினேன். தம்பி, இதுக்குப் பேர் தப்பிக்கிறதா? (கைதட்டல்)

புத்தகத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் வரும் புயல் அறிவியல்படி தப்பு. செவ்வாயின் காற்று நம்ம பூமிக் காற்றில் நூற்றில் ஒரு பங்கு அடர்த்திதான், அது ராக்கெட்டைச் சாய்க்காது. தெரிந்தேதான் எழுதினேன் என்று ஆசிரியரே ஒப்புக்கொண்டார். எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. ஒன்றரை வருஷம் ஒத்தையாகக் கிடந்தவன் எப்பப் பார்த்தாலும் ஜோக் அடிக்கிறான். எங்க வீட்டுல ஒன்றரை மாசத்திலேயே எனக்கு ஜோக் தீர்ந்துபோச்சு. (சிரிப்பு)

அடுத்து எதிரணி அம்மா சொன்னாங்க: “அறிவியல் கதைன்னா வேற்றுக்கிரகவாசி வருவான், சண்டை போடுவான், அவ்வளவுதானே?” அம்மா, சீனாவில் லியூ சிஷின் எழுதிய ‘மூன்று உடல் சிக்கல்’ நாவலைச் சொல்றேன். 2008-ல் புத்தகமாக வந்தது. 2014-ல் கென் லியூ ஆங்கிலத்தில் கொடுத்தார். மறுவருஷமே ஹியூகோ பரிசு. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கதையின் வேர் எங்கே இருக்குன்னு நினைக்கறீங்க? விண்வெளியிலா? 1967-ல், பெய்ஜிங்கில், ஒரு மேடையில். கலாச்சாரப் புரட்சிக் காலம். ஒரு பௌதிகப் பேராசிரியரை மேடையில் நிறுத்தி, பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் பெல்ட்டால் அடித்தே கொல்கிறார்கள். அவர் மனைவியே அவருக்கு எதிராகப் பேசுகிறார். கூட்டத்தில் மகள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். சீனப் பதிப்பில் இந்தக் காட்சியை முதலில் வைக்காமல், கண்ணில் படாதபடி நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆங்கிலத்தில்தான் முதல் அத்தியாயமாக வந்தது. கற்பனைக் கதை பொழுதுபோக்கு மட்டும்தான் என்றால் அதை ஏங்க ஒளிச்சு வைக்கணும்? (கைதட்டல்)

அந்த மகள் வளர்ந்து விஞ்ஞானியாகிறாள். வானத்துக்குச் செய்தி அனுப்புகிறாள். எட்டு வருஷத்துக்கு மேல் கழித்துப் பதில் வருகிறது. அங்கிருக்கும் ஒரு நல்ல ஜீவன் எச்சரிக்கிறது: பதில் போடாதே, போட்டால் உங்கள் இடம் தெரிந்துவிடும், எங்கள் ஆட்கள் உங்களைப் பிடிக்க வந்துவிடுவார்கள் என்று. அவள் பதில் போடுகிறாள். மனுஷ ஜாதியை இனி மனுஷங்களால திருத்த முடியாது, வர்றவன் வரட்டும் என்று பொத்தானை அமுக்குகிறாள்.

முதலில் படித்தபோது எனக்கு அவள் மேல் கோபம். உலகத்தையே காட்டிக் கொடுத்துட்டியேடி பாவின்னு திட்டினேன். பிறகு ஒரு ராத்திரி. அப்பா படுக்கையை நனைத்துவிட்டார், மூணாவது தடவை. போன் பண்ணினால் சொந்தக்காரர்கள் ஒருத்தரும் எடுக்கவில்லை. எல்லாருமே நாசமாப் போங்கன்னு நான் சத்தமாகச் சொன்னேன். சொன்ன நிமிஷத்தில் அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். நல்லவேளை, எங்க வீட்டுல அப்படி ஒரு பொத்தான் இல்லை. (அமைதி, பிறகு கைதட்டல்)

மாயக் கதைகளுக்கு வர்றேன். இதில் எதிரணிக்கு ஒரு பாயிண்டு விட்டுக்கொடுத்துடறேன். ஜார்ஜ் மார்ட்டின் எழுதும் அந்தப் பெரிய டிராகன் கதையில் ஐந்தாவது புத்தகம் 2011-ல் வந்தது. ஆறாவது வரும் வரும் என்று ஜனங்கள் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். நம்ம மெகா சீரியலே பரவாயில்லை, தினமும் சாயங்காலமாவது வருது. (பலத்த சிரிப்பு)

ஆனால் சுசன்னா கிளார்க்கின் ‘பிரானேசி’ இருக்கிறதே, சின்னப் புத்தகம், 2020-ல் வந்தது. இந்த அம்மா 2004-ல் முதல் நாவல் எழுதிப் பெரிய பேர் வாங்கினார்கள். அதற்கப்புறம் நோய். படுத்த படுக்கை. அடுத்த நாவலுக்குப் பதினாறு வருஷம் ஆனது. வீட்டோடு அடைந்து கிடந்தவர் என்ன எழுதினார் தெரியுமா? முடிவே இல்லாத ஒரு வீடு. மண்டபம் மண்டபமாக, எல்லாவற்றிலும் சிலைகள், கீழ்த் தளத்தில் கடல் அலை. அதில் ஒருவன் தனியாக வாழ்கிறான். அவனுக்குத் தன் பழைய பெயர் மறந்துவிட்டது. அங்கே கிடக்கும் எலும்புகளுக்குப் பூவும் தண்ணீரும் வைத்து மரியாதை செய்கிறான். வீடு தன்னிடம் கருணையாக இருக்கிறது என்று நம்புகிறான்.

நான் டாக்டர் இல்லை. அப்பா மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதுவரைக்கும் அவர் ஏதோ இருட்டு அறையில் அடைபட்டிருக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மூடினபோது, யாரு கண்டா, ஏதாவது ஒரு பெரிய வீட்டில் காலார நடந்துகொண்டுகூட இருக்கலாம் என்று தோன்றியது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

கடைசியாகக் குதிரைக் கதை. நீங்கள் கௌபாய் கதை என்பீர்கள். எனக்கு அது சின்ன வயசுப் பைத்தியம். டெக்ஸ் வில்லர் என்று ஒருவர், 1948-ல் இத்தாலிக்காரர்கள் உருவாக்கினது. கதை நடப்பது அமெரிக்கா, தமிழில் அச்சானது சிவகாசி. (சிரிப்பு) அந்த லயன் காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படிப்பேன். அப்பா பிடுங்கிப் பரணில் போட்டுவிடுவார். அவர் அச்சகத்தில் கம்பாசிட்டர். நாற்பது வருஷம் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தவர். “கதையெல்லாம் என் கையாலதான் கோக்குறேன், எனக்குத் தெரியாதா? எல்லாம் வெறும் ஈயம்” என்பார்.

2020-ல் ஊரடங்கு. பிசியோதெரபி பண்ண வருபவர் வரவில்லை. நானும் அப்பாவும் மட்டும். பாலெட் ஜைல்ஸ் 2016-ல் எழுதிய ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ என்ற நாவலை எடுத்து, ராத்திரி ராத்திரி அவருக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். 1870, டெக்சாஸ். எழுபதைத் தாண்டிய கேப்டன் கிட் ஊர் ஊராகப் போய் ஜனங்களுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறார். கட்டணம்...

(நடுவர்: எவ்வளவும்மா? நாமும் ஆரம்பிக்கலாம்! – சிரிப்பு)

பத்து சென்ட்தான் ஐயா, நமக்குக் கட்டுப்படியாகாது. (சிரிப்பு) உள்ளூர் அரசியலை அவர் படிக்க மாட்டார், படித்தால் அடிதடி. வடதுருவப் பனியில் நசுங்கிய கப்பல், தூர தேசத்துச் சேதி, இப்படித்தான் படிப்பார். அவரிடம் பத்து வயதுப் பெண் ஒருத்தியை ஒப்படைக்கிறார்கள். ஆறு வயதில் கியோவா பழங்குடியினர் அவள் பெற்றோரைக் கொன்று அவளைத் தூக்கிப் போனார்கள். நாலு வருஷத்தில் அவளுக்கு அவர்களே தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் ‘மீட்டோம்’ என்கிறார்கள். அவளுக்கோ அது இரண்டாவது கடத்தல். நான் படித்த காமிக்ஸில் செவ்விந்தியர் என்றால் கத்திக்கொண்டு வந்து சுடப்பட்டு விழுபவர்கள். அவர்களுக்கு வீடு உண்டு, பிள்ளை உண்டு, பிரிவு உண்டு என்று இந்தப் புத்தகம்தான் எனக்குச் சொன்னது.

அந்தக் குழந்தைக்கு ஆங்கிலம் தெரியாது. கிழவருக்கு அவள் பேச்சு தெரியாது. நானூறு மைல் வண்டிப் பயணம், பேச்சில்லாமல். இதை நான் யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாருங்க.

கேப்டன் கிட் முன்னால் அச்சகம் வைத்திருந்தவர், போரில் தொழில் போச்சு என்று ஒரு இடம் வந்தது. சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். அப்பாவின் இடது கைக் கட்டைவிரல் அசைந்தது. மறுபடி, மறுபடி. எனக்கு முதலில் புரியவில்லை. கம்பாசிட்டர் கோக்கும்போது பலகையை இடது கையில் பிடிப்பார்; வலது கை எழுத்தைப் பொறுக்கி வைக்க, இடது கட்டைவிரல் அதைச் சாயாமல் அமுக்கும். அப்பா கோத்துக்கொண்டிருந்தார். (நீண்ட கைதட்டல்)

வழியில் அந்தப் பெண்ணை விலை பேசி வந்த கும்பல் சுற்றி வளைத்துச் சுடுகிறது. கிழவரிடம் நல்ல தோட்டா தீரப்போகிறது. மிச்சம் இருப்பது பறவை சுடும் சின்னக் குண்டு, தூரத்துக்குப் போகாது. அந்தக் குட்டிப் பெண் என்ன செய்தாள்? செய்தி வாசித்துச் சேர்த்த பத்து சென்ட் காசுகளை அள்ளித் தோட்டாவுக்குள் திணித்துக் கொடுத்தாள். வாசித்துச் சம்பாதித்த காசே அவர்களைக் காப்பாற்றியது. அப்பா சிரித்தார். ஒன்றேகால் வருஷத்துக்கு அப்புறம், சத்தம் போட்டுச் சிரித்தார்.

(மணி ஒலிக்கிறது.)

முடிச்சுட்டேன் ஐயா. இப்போ அப்பாவுக்கு நான் சொல்லிக்கொண்டிருப்பது 1968-ல் வந்த ‘ட்ரூ கிரிட்’. அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் புறப்படும் பதினாலு வயதுப் பெண்ணின் கதை. பாதியில் நிற்கிறது. இங்கே கிளம்பும் முன் கேட்டேன்: “அப்பா, கதையெல்லாம் வெறும் ஈயம்னு சொல்லுவீங்களே, இன்னும் அப்படித்தானா?”

“சரி” என்றார்.

அது ஆமாவா, இல்லையான்னு எனக்குத் தெரியலீங்க. எதிரணி அதைத் தங்கள் பக்கம் எடுத்துக்கிட்டாலும் எடுத்துக்கட்டும். (சிரிப்பு) எனக்குக் கடைசி பஸ் ஒன்பதரைக்கு.

(கைதட்டல்)