மாரடைப்பும் பதவி பார்க்கும்!



ஏழை ஏன் நோயாளியாகிறான் என்று கேட்டால் சீமான்கள் விடையை ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். "புகைக்கிறான், குடிக்கிறான், உடலைப் பேணத் தெரியாதவன்!" என்பார்கள். நம்மவரிலும் சிலர் அதற்குத் தலையாட்டுகிறார்கள். இலண்டனில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன், கேட்டபின் தலையாட்டுங்கள்.

பிரிட்டிஷ் அரசாங்க அலுவலகங்கள் அணிவகுத்து நிற்கும் வீதி ஒயிட்ஹால். அங்கே பணியாற்றிய ஆண்களை 1967-ஆம் ஆண்டு முதல் மருத்துவ அறிஞர்கள் சோதித்து, அவர்தம் வாழ்வையும் சாவையும் குறித்து வந்தனர். சுரங்கத்தில் மூச்சு முட்டியவர்கள் அல்லர். ஆலைப்புகையில் வெந்தவர்களும் அல்லர். அரசாங்கச் சம்பளம் பெற்றவர்கள்! மருத்துவமோ 1948 ஜூலை 5 முதல் அந்நாட்டில் அனைவருக்கும் இலவசம். சுரங்கத் தொழிலாளியாயிருந்து அமைச்சரான அனூரின் பெவன் நிலைநாட்டிய ஏற்பாடு அது.

1978-இல் முடிவு வெளிவந்தது. 17,530 பேர், ஏழரை ஆண்டுகள். உச்சியிலிருந்து ஆணையிட்ட அதிகாரிகளைக் காட்டிலும், தாள்கட்டுகளைச் சுமந்து திரிந்த கடைநிலை ஊழியரிடையே இருதய நோய்ச் சாவு 3.6 மடங்கு! இடைநிலையினர்? இவ்விரண்டுக்கும் இடையே. ஏணியில் படி இறங்க இறங்கச் சாவு நெருங்கி வந்தது.

புகை காரணமில்லையா? காரணந்தான், யார் மறுத்தார்? கீழ்நிலையில் புகைத்தோரும் மிகுதி, இரத்த அழுத்தமும் மிகுதி. ஆனால் அவற்றையெல்லாம் கணக்கிட்டுக் கழித்த பின்னும் இடைவெளி மறையவில்லை. 1985-இல் மகளிரையும் சேர்த்து 10,308 பேரைக் கொண்டு தொடங்கிய இரண்டாம் ஆய்வு, ஒரு காரணத்தைச் சுட்டிற்று. எதை, எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்கென்று ஒரு சொல்லும் இல்லாத ஊழியனை இருதய நோய் மிகுதியாகப் பற்றுகிறது!

இலவச மருத்துவம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். அது வந்தவனைக் காக்கிறது. வரவைத்ததை அது தொடவில்லை.

ஆட்சியாளர் அறியாததா இது? 1977-இல் தொழிற்கட்சி அரசாங்கம் சர் டக்ளஸ் பிளாக் தலைமையில் குழு அமைத்தது. வருவாய், வீடு, வேலைநிலை, குழந்தைகளுக்கான உதவித்தொகை இவற்றைச் சீர்செய்க என்றது குழு. 1980-இல் அறிக்கை வந்தபோது ஆட்சி மாறியிருந்தது. கன்சர்வேடிவ் அமைச்சர் பாட்ரிக் ஜென்கின், அவ்வளவு செலவு தாங்காது என்று கைவிரித்தார். நாட்டுக்கே உரிய அறிக்கை 260 படிகளாகச் சுருங்கியது. அதையும் ஆகஸ்டு விடுமுறையை ஒட்டியே வெளியிட்டார்கள். படிப்பவர் கடற்கரைக்குப் போயிருப்பார் என்று கணக்கிட்டார்களோ என்னவோ! 1982-இல் அதையே பெங்குவின் பதிப்பகம் நூலாக்கிக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டது.