பரணில் கிடந்த ராக்கெட்

அரை நூற்றாண்டாகப் பரணில் தூசி படிந்து கிடந்த சிறு ராக்கெட்டுகளைச் செப்பனிட்டு, மீண்டும் வானில் ஏவி மகிழ்வோர் அமெரிக்காவில் உளர். சிறுவராய் இருந்தபோது தாமே ஒட்டிச் செய்தவற்றை முதுமையில் கண்டெடுத்தவர்களும் அவர்களுள் உண்டு.

இக்கலை பிறந்த இடம் நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் நகரம். அங்கே காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல், 1954-இல், காகிதக் குழாயும் பால்சா மரச் சிறகுகளும் கொண்டு, பாராசூட்டில் இறங்கும் ராக்கெட் ஒன்றைச் செய்தார். மருந்துக் குழலை ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் புதுமை. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தபின், இரும்புக் குழாயில் தாமே மருந்து கிட்டித்து ஊனமுற்ற சிறுவர் பலர். கார்லைலும் ஹாரி ஸ்டைனும் பரப்பிய காகித ராக்கெட் அதற்கு மாற்றாயிற்று. அவ்வாண்டு தோன்றிய சங்கம் தன் பெயரில் முதலில் ‘மிசைல்’ என்ற சொல்லைத் தாங்கி, பின்னர் அதைக் கைவிட்டது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது உவப்பான செய்தி. ‘ஏவுகணை’ என்று எழுதினால் கணையோடு பகையும் வந்துவிடுகிறது. ராக்கெட் என்றே சொல்வோம்.

செப்பனிடுவோர் முதலில் காண வேண்டியது, மூக்கையும் உடலையும் பிணைக்கும் ரப்பர் நாடா. அது மக்கியிருக்கும், அறுந்தால் ஒரு பகுதி பாராசூட்டில் மிதக்க, மற்றது கல்லென விழும். பாராசூட்டின் மடிப்புகள் ஒட்டியிருந்தால் முகப்பவுடர் தூவிப் பிரிக்கலாம். சிறகுகளைப் புதுப் பசையிட்டு இறுக்கலாம். ஆனால், பசையும் சாயமும் வாற்புறத்துக்குப் பாரம் ஏற்றும். எடைமையம், காற்றழுத்த மையத்துக்கு முன்னே குழாயின் ஒரு விட்ட அளவேனும் இருத்தல் வேண்டும்; இல்லையேல் ராக்கெட் தலைகீழாய்ச் சுழலும். மருந்துக் குழலையும் பொருத்தி, எடைமையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்க்க வேண்டும். மூக்கு முன்செல்லாவிடில், மூக்கினுள் சிறிது களிமண் அடைக்க வேண்டும்.

பெட்டியில் பழைய மருந்துக் குழல்களும் கிடக்கும். ஆசை அங்கேதான் பொல்லாதது. பல ஆண்டு வெயிலிலும் குளிரிலும் கருமருந்து விரிசல் கண்டிருக்கும். தீ அவ்விரிசலில் புகுந்தால், எரியும் பரப்பு திடீரெனப் பெருகிக் குழல் வெடிக்கும். அதனை நீரில் ஊறவைத்து ஒழிப்பதே முறை.

ஒரு சிறுவன் தன் கையெழுத்தில் பெயர் பொறித்த சிறகைப் புதுச் சாயம் பூசி மறைப்போரை நாம் ஒப்பவில்லை. அதைப் பறக்கவிடலாமா, அலமாரியில் காக்கலாமா என்பதில் இருதரப்பார் உளர். ஒத்த நகல் ஒன்றைச் செய்து அதைப் பறக்கவிடுவோரும் உண்டு. மூலத்தையே பறக்கவிடுவோர் பக்கம் நாம் சாய்கிறோம். ஆயினும், 10 நியூட்டன்-வினாடி வரை உந்தும் ‘சி’ வகைக் குழலை முதல் நாளே இடலாகாது. 2.5 அளவைத் தாண்டாத ‘ஏ’ வகை போதும். 15 அடி விலகி நின்று, ஐந்திலிருந்து இறங்க எண்ணி, மின்கம்பி வழியே பற்றவைக்கலாம். தாழப் பறந்தது அருகிலேயே இறங்கும். உயரச் சென்றதைக் காற்று மரத்துக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோய்விடும்.