வரியை விடக் கனமான கணக்கு



ஒருபக்கம் சின்னமுட்டம் துறைமுகம், மறுபக்கம் கூட்டப்புளிக் கடற்கரை. இரண்டுக்கும் அண்டை ஊரான அஞ்சுகிராமத்தில் கூடும் இக்கருத்தரங்கு எடுத்துக்கொண்ட பொருள், இந்திய இறால் மீது அமெரிக்கா விதித்த பொருள் குவிப்புத் தடுப்பு வரி.

இதன் தொடக்கம் 2003 டிசம்பர் 31. இந்தியா, சீனா, தாய்லாந்து, வியட்நாம், எக்வடோர், பிரேசில் ஆகிய ஆறு நாடுகளும் நியாய விலைக்குக் கீழே இறாலைக் கொண்டுவந்து கொட்டுவதாக அமெரிக்கத் தென்மாநில இறால் தொழிலினர் மனுக் கொடுத்தனர். விசாரணை முடியும் தறுவாயில், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. குளச்சலும் மணக்குடியும் உறவுகளை இழந்து நின்றபோதே, 2005 பிப்ரவரி 1 அன்று வரி ஆணை வெளியானது. தனியாக விசாரிக்கப்படாத இந்திய நிறுவனங்களுக்கு 10.17 சதவீதம். சுனாமியின் பாதிப்பைக் கருதி ஆணையை நீக்கலாமா என்று இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் தனி மறுஆய்வு நடந்தது. அவ்வாண்டு நவம்பரில் 'நீக்க வேண்டியதில்லை' என்று முடிந்தது.

சதவீதத்தை விடச் சிக்கலானது, அதைக் கணிக்கும் முறை. நியாய விலை 100 என்று கொள்வோம். ஒரு சரக்கு 90க்கும் மற்றொன்று 110க்கும் விற்றால் சராசரியில் குறை ஏதுமில்லை. ஆனால் 110க்கு விற்றதில் கிடைத்த மிகையைச் சுழியாக்கிவிட்டு, 90க்கு விற்ற குறையை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். எக்வடோர் தொடுத்த வழக்கில் உலக வர்த்தக அமைப்பு 2007இல் இதைத் தவறென்றது. அந்நாட்டின் மீதான ஆணை அதே ஆண்டு நீங்கியது.

அடுத்த சுமை பிணை. அமெரிக்காவில் சரக்கு இறங்கும்போது கட்டுவது முன்வைப்புத் தொகைதான். இறுதி வரி பிந்தைய ஆண்டு மறுஆய்வில்தான் தெரியும். இது போதாதென்று, முந்தைய ஓராண்டு இறக்குமதி மதிப்பைக் கொண்டு கணித்த கூடுதல் பிணையையும் இறாலுக்கு மட்டும் கேட்டார்கள். உலக வர்த்தக அமைப்பில் இந்தியா வழக்குத் தொடுத்து 2008இல் வென்றது.

இன்னொரு கூத்தும் உண்டு. 'பேர்டு திருத்தம்' என்ற அமெரிக்கச் சட்டப்படி, வசூலான வரி மனுக் கொடுத்தவர்களுக்கே பங்கிடப்பட்டது. இந்தியா உள்ளிட்ட நாடுகள் 2003இலேயே அதை எதிர்த்த வழக்கில் வென்றும், சட்டம் 2006இல்தான் ரத்தானது.

அடிப்படை ஆணையோ ஐந்தாண்டு மறுஆய்வுகளைத் தாண்டி இருபது ஆண்டுகளாக நிற்கிறது. மானியத்தைக் காரணம் காட்டி 2024இல் 5.77 சதவீத எதிரீட்டு வரியும் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் 50 சதவீதக் கூடுதல் வரி வந்தது. 2023-24இல் நாட்டின் கடல் உணவு ஏற்றுமதி ₹60,523 கோடி; அதில் மூன்றில் இரண்டு பங்கு உறைய வைத்த இறால். அந்த இறாலின் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அமெரிக்கா சென்றது.

இவ்வளவு வழக்கிலும் இறால் பண்ணைக்காரர் கட்சிக்காரர் அல்லர். விசாரணையின் கேள்விப் பட்டியலுக்குப் பதில் எழுதுபவர் ஏற்றுமதியாளர்; வரியைக் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர். ஆயினும் வரி ஏறினால் வன்னாமி வகை இறாலின் கவுண்ட் விலை (கிலோவுக்கு எத்தனை இறால் என்பதை வைத்துச் சொல்லும் விலை) குளக்கரையிலேயே இறங்குகிறது. எந்த அளவு இறங்குகிறது, யார் எவ்வளவு சுமக்கிறார் என்பதைப் பண்ணைவாரியாக அளப்பது முதல் அமர்வின் வேலை. அடுத்த வழக்கில் காட்டத்தக்க அடக்கவிலைக் கணக்கைச் சிறு பண்ணைகள் எப்படி வைத்திருப்பது என்பது இரண்டாம் அமர்வுக்குரியது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்; கருத்தரங்கு தொடங்குகிறது.