வழிப்பயணப் பெண்களுக்கு ஓர் இல்லம்

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு மெயில் வண்டியில் புறப்பட்ட பெண்ணொருத்தி, விடியற்காலையில் கொழும்புக் கோட்டையில் இறங்கித் தங்குமிடம் தேடி அலைந்ததில்லை. வெள்ளவத்தையில் ஒரு சின்னம்மா வீடு இருக்கும்; இல்லையேல் கொட்டாஞ்சேனையில் மாமியின் தங்கை வீடு இருக்கும். கையிலே பனங்கட்டிக் குட்டான், மனத்திலே அச்சமில்லை. கடிதம் போடாமலே வந்து கதவைத் தட்டியவர்களும் உண்டு. கண் வைத்தியத்துக்கு வந்தவள், நேர்முகப் பரீட்சைக்கு வந்தவள், கடல் கடந்து செல்லும் மகனை வழியனுப்ப வந்தவள் என எத்தனை பேர்! அறை இரண்டேயாயினும் பாய் விரிக்க இடம் கிடைத்தது.

ஆயினும் அவ்விருந்தோம்பலுக்கு எல்லை இருந்தது. "நீ ஆருடைய பிள்ளை?" என்னும் வினாவுக்கு விடை சொல்லக் கூடியவளுக்கே அக்கதவு திறந்தது. உறவும் ஊரும், மறைப்பதிற் பயனில்லை, சாதியும் அவ்விடையிலே அடங்கியிருந்தன. உறவற்ற பெண் எங்கே செல்வாள்? தனியே வந்து அறை கேட்கும் பெண்ணை வாடகை விடுதிகள் ஐயக்கண் கொண்டே நோக்கின.

இவ்விடர்ப்பாடு கொழும்புக்கு மட்டும் உரியதன்று. 1855ஆம் ஆண்டில் இலண்டனில், கிரிமியப் போருக்குச் செல்லும் தாதியர் தங்குவதற்கென மேரி ஜேன் கின்னேர்ட் என்னும் பெருமாட்டி ஒரு விடுதி திறந்தார். இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கம் வளர்ந்த வேர்களுள் அதுவும் ஒன்று. அச்சங்கம் பின்னர் கொழும்பிலும் கிளை பரப்பியது. வெள்ளவத்தையில் சைவ மங்கையர் கழகம் பாடசாலையோடு மாணவியர் விடுதியும் நடத்தியது. இவை பெரும் பணிகளே. எனினும் விடுதி வேறு, வீடு வேறு அன்றோ? விடுதியில் கட்டணமும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. அடுப்படியில் அமர்ந்து பேச அங்கே ஒருவர் இல்லை.

வீட்டையே திறந்துவிடும் முயற்சி இரண்டாம் உலகப் போரின் பின் எழுந்தது. 1949இல் டென்மார்க்கில், அமெரிக்கரான பொப் லுயிட்வைலரும் அவருடைய தோழர்களும் தொடங்கிய இயக்கம் சேர்வாஸ் எனப் பெயர் பெற்றது. பயணி முதலில் தம் நாட்டிலே நேரிற் கண்டு விசாரிக்கப்படுவார். அறிமுகக் கடிதமொன்று பெறுவார். அதைக் காட்டிப் பிறநாட்டு வீட்டில் இரு இரவுகள் தங்குவார். பணம் கைமாறுவதில்லை. ஆண் பெண் இருபாலாரும் அதிற் சேரலாம்.

பெண்களுக்கெனவே ஒரு வலை அமைத்தவர், இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்செஸ் அலெக்சாந்தர். 1984இல் அவர் தொடங்கிய 'பெண்ணைப் பெண் வரவேற்றல்' என்னும் அமைப்பு, கடிதத்திலிருந்து கடிதமாகப் பல நாடுகளுக்குப் பரவியது. உறுப்பினரின் பெயர்ப்பட்டியலைப் பார்த்து, விரும்பியவருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்பது அதன் வழக்கம். கேட்கப்பட்டவள் இயலாது என்று சொல்லவும் உரிமையுடையவள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கொழும்பில் ஒருத்தி இட்ட சோற்றுக்குக் கைம்மாறு, அதை உண்டவளிடமிருந்து வரவேண்டியதில்லை. பல ஆண்டுகளின் பின் வேறொரு நாட்டில், முன்பின் அறியாத வேறொருத்தியின் வீட்டிலே அது கிடைக்கலாம். உறவினரிடையே எழும் 'நான் செய்தேன், அவள் செய்யவில்லை' என்னும் மனத்தாங்கலுக்கு அங்கே இடம் குறைவு.

அதற்கு முந்திய ஆண்டு, 1983 யூலை, வெள்ளவத்தைக்கு மறக்கவொண்ணாதது. தமிழர் வீடுகள் எரிந்த அந்நாட்களில், தம் உயிரையும் பொருட்படுத்தாது கதவைத் திறந்த சிங்கள, முஸ்லிம் அயலவர் இருந்தனர். எந்த அறிமுகக் கடிதமும் அவர்கள் கேட்கவில்லை. பின்னர் குடும்பங்கள் இலண்டனுக்கும் தொறொன்ரோவுக்கும் சிதறியபோது, சின்னம்மா வீடும் அவர்களோடு கடல் கடந்தது. இன்று கொழும்புப் பெண் அந்நகரங்களிலே உறவினர் வீட்டில் இறங்குகிறாள். உறவில்லா நகரங்களிலோ பழைய தனிமைதான்.

2019இல் மலேசியரான ரஷ்விந்தா கவுர் முகநூலில் தொடங்கிய 'ஹோஸ்ட் எ சிஸ்டர்' என்னும் குழு, அத்தனிமைக்கு விடைகாண முயன்றது. சில ஆண்டுகளிலே இலட்சக்கணக்கான பெண்கள் அதில் இணைந்தனர். வளர்ச்சியின் வேகமே அதன் இடர்ப்பாடும் ஆகும். சேர்வாஸின் பயணியை ஒருவர் நேரிற் கண்டிருப்பார். திரையிலே தோன்றும் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார்? ஆதலின் இடம் கேட்பவளோடு முகம் பார்த்துப் பேசுதலும், அவளை முன்னர் வரவேற்றவர்களிடம் விசாரித்தலும், சென்றடையும் முகவரியை வீட்டாருக்குச் சொல்லி வைத்தலும் இன்றியமையாதன. விருந்தளிப்பவளுக்கும் அச்சம் உண்டென்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவளும் அந்நியர் ஒருவரைத் தன் பிள்ளைகள் உறங்கும் வீட்டுக்குள் அழைக்கிறாள். கணவனுக்கும் மாமியாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியவளும் அவளே.

மாடி வீட்டு நெருக்கடியில் வாழும் கொழும்புப் பெண்கள் பலருக்கு இரவு தங்க இடம் கொடுத்தல் இயலாது. அதனால் விலகி நிற்க வேண்டியதில்லை. பகற்பொழுதைப் பகிர்ந்துகொள்வதும் இவ்வமைப்புகளில் ஏற்கப்பட்டதே. காலையில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கற்கோயிலைக் காட்டி, கொட்டாஞ்சேனை வீட்டிலே மதியம் சோறு போட்டு, மாலையில் வெள்ளவத்தைக் கடலோரம் நடத்திச் சென்று, இருட்டுமுன் காலி வீதியிலே சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டு, போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை விழித்திருக்கலாம்.