கேட்பதற்கு ஓர் ஆள்
(உக்கடத்தில் தொழிலாளர் நடுவே ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து கோவை நகரைத் துலக்கும் துப்புரவுத் தொழிலாளர் வாழ்ந்துவரும் உக்கடத்தில் நின்று, தொழிற்சங்கத்தைப் பற்றிப் பேச வந்துள்ளேன். 'சங்கம்' தமிழ்ச்சொல்லா வடசொல்லா என்னும் வழக்கைப் புலவர்க்கு விட்டுவிடுவோம். யான் கழகம் என்றே சொல்வேன்.

2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் நாடே பூட்டப்பட்டது. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தை சிறு வார்ப்படப் பட்டறை ஒன்றில் பதினைந்தாண்டு உழைத்தவர். "நாளை வரவேண்டா" என்று தொலைபேசியில் ஒரு சொல். அத்தோடு கணக்கு முடிந்தது. அங்கே கழகம் இல்லை. யாரிடம் போய்க் கேட்பார்? மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று.

அதே நாள்களில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் (பெயர் நடுவணரசு இட்டது, நான் இட்டதன்று!) கோவை ஆலைகள் ஐந்தும் நின்றன. பங்கசா, முருகன், கம்போடியா, அரங்கவிலாசு, கோயமுத்தூர் நூற்பு நெசவாலை என்பன அவை. பூட்டு நீங்கிய பின்னும் அவை பழையபடி ஓடவில்லை, முழுக்கூலியும் வரவில்லை. ஆயினும் ஆங்கே கேட்பதற்கு ஆள் இருந்தது. வேறுவேறு கொடி பிடித்த தொழிலாளர் கழகங்கள் ஒன்றாய் நின்று, "ஆலையைத் திற, நிலுவையைக் கொடு" என்று ஆண்டுக்கணக்கில் போராடின. ஆலை ஓடவில்லையே, என்ன பயன் என்பீர்கள். உண்மைதான், கழகம் எல்லாம் வல்லதன்று. ஆனால் அத்தொழிலாளரை ஒரு தொலைபேசிச் சொல்லால் துரத்திவிட இயலவில்லை.

இவ்வலிமை இரந்து பெற்றதன்று. அதே அரங்கவிலாசு ஆலையில், வெள்ளையர் ஆட்சிக்காலத்தில், ஆலைப்பெண் ஒருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமையை எதிர்த்து எழுந்த மோதலில் முதலாளியின் அடியாள் ஒருவன் மாண்டான். அதற்காகச் சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் இராமையன், அரங்கண்ணன், வேங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் 1946 சனவரி 8-ஆம் நாள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் கழகத்தார். நம் பாடநூல்களில் இந்நால்வர் பெயரை எத்தனை மாணவர் படித்திருப்பர்?

பட்டறைகளில் நாட்கூலிக்கு உழைப்போர் இங்குப் பலர் அமர்ந்துள்ளீர்கள். உங்களிடம் கூலிச்சீட்டு உண்டா? வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் உண்டா? இல்லையென்றால் இன்றே கேட்டு வாங்குங்கள். இடர் வந்தபின் அது கிட்டாது. கழகம் அமைக்க நூறு பேர் வேண்டுமென்று அஞ்சுகிறீர்கள். 1926-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுக்குக் கேட்டது ஏழு பேரின் கையெழுத்து. அதனிடத்தில் வந்துள்ள புதுச்சட்டமும், சிறிய இடங்களுக்கு, அதே ஏழு பேரைத்தான் கேட்கிறது.

நான் சொன்ன அப்பட்டறையில் அன்று உழைத்தவர்கள் பதினொருவர்.